மணி ஒன்று, விளக்கு இரண்டு

பார்சல் எப்போதும் ஆபீஸ் விலாசத்துக்குத்தான் வரும். வீட்டுக்கு வந்தால் "இப்ப என்னது?" என்ற கேள்வியும் கூடவே வரும். துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் அலுவலகம். சரக்குகளுக்குச் சுங்கத் தாள்கள் தயார் செய்யும் வேலை. ஊர் உலகத்துச் சாமான்களின் பட்டியலை நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறவள்தான் நான். ஆனாலும் என் பெயர் போட்டு வருகிற ஒரு சின்ன அட்டைப்பெட்டியைப் பார்த்தால் கை படபடக்கிறது. அன்றைக்கு வந்தது ஒரு பித்தளை மணி. டேப்பை வெட்டி, காற்றடைத்த பிளாஸ்டிக்கை விலக்கி, மணியை மேஜை மேல் வைத்து ஒரு தடவை தட்டினேன். பக்கத்து சீட்டு அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"கோயிலுக்கா?"

"சைக்கிளுக்கு அக்கா."

"பிள்ளைக்கா?"

"எனக்கு."

இந்த "எனக்கு" என்ற பதிலைத் தயங்காமல் சொல்ல எனக்கு 34 வயது ஆகிவிட்டது.

முதலில் எனக்குக் கிடைத்த சைக்கிள் அரசாங்கம் கொடுத்தது. 2001-02 கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்த இலவச சைக்கிள் திட்டம், 2005-06-இல் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மேல்நிலை மாணவர்கள் எல்லோருக்கும் என்று விரிந்தது. அந்த வருஷம் நான் பதினொன்றாம் வகுப்பு. பள்ளி மைதானத்தில் ஒரே நிறத்தில் வரிசையாக நின்ற சைக்கிள்கள் இன்னும் கண்ணில் இருக்கின்றன. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எது என்னுடையது என்று தெரிவதற்காக ஹேண்டில்பாரில் ஒரு பச்சை ரிப்பன் கட்டினேன். அந்தச் சைக்கிளில் நானாகத் தேர்ந்தெடுத்தது அந்த ரிப்பன் ஒன்றுதான்.

இரண்டு வாரம் ஓட்டியிருப்பேன். அப்பா உப்பளத்துக்குப் போகிற சைக்கிளின் முன் ஃபோர்க் துருப்பிடித்து ஒரு நாள் உடைந்துபோனது. மறுநாள் காலை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் என் சைக்கிளில் ஏறிப் போனார். குறுக்குக் கம்பி இல்லாததால் ஏற லேசாக இருக்கிறது என்று சாயங்காலம் பாராட்டினார். பிறகு அண்ணனுக்கு வேலை கிடைத்து, அண்ணனிடம் போனது. நான் பழையபடி பஸ்சுக்கு நின்றேன். யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை; அதைத்தான் இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். இலவசமாக வந்த பொருள், அதிலும் பொம்பளைப்பிள்ளைக்கு வந்தது, வீட்டில் யாருக்குத் தேவையோ அவர்களுக்கு என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம். "எல்லோரும்" என்பதில் நானும் உண்டு.

சைக்கிளையும் பெண்ணையும் சேர்த்துப் பேசினால் தமிழ்நாட்டில் புதுக்கோட்டையைச் சொல்லாமல் முடியாது. 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துப் படிப்பதோடு சைக்கிள் ஓட்டுவதையும் அவர் இயக்கத்தின் வேலையாகச் சேர்த்தார். கல்குவாரியில் வேலை பார்த்தவர்கள், விவசாயக் கூலிகள், கிராம செவிலியர், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் போனதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். இந்தக் கதையைக் கூட்டங்களில் நிறையக் கேட்டிருக்கிறோம். என் மனதில் ஒட்டியது அதில் வரும் ஒரு சின்ன விவரம்: லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் அந்தப் பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை ஓட்டினார்கள், சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள், முன் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால்.

விடுதலை என்று நாம் பெரிய எழுத்தில் எழுதுகிற இடத்தில், அந்தப் பெண்கள் ஒரு கம்பியின் உபயோகத்தைப் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பொருளின் மேல் கண் இருந்திருக்கிறது. எந்த சைக்கிள் எனக்குத் தோது, இதில் கூடை மாட்டலாமா, கேரியர் தாங்குமா என்று ஒரு பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற சுகம். அதைப் பற்றி யாரும் எழுதிப் படித்ததில்லை. ஒருவேளை அற்பமாகத் தெரிந்திருக்கலாம்.

எனக்கு அது அற்பமாகத் தெரியவில்லை. 2023-இல் என் சம்பளத்தில் சைக்கிள் வாங்கக் கடைக்குப் போன அன்றைக்கே ஆரம்பித்தது அது. கடைப் பையன் முதலில் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தான். "சார் வரலையா மேடம்?" என்றான். பிறகு ரோஸ் நிறத்தில் முன்பக்கம் கூடை வைத்த ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தான். நான் சுவரோரம் நின்ற சாம்பல் நிற கியர் சைக்கிளைக் காட்டினேன். "அது ஜென்ட்ஸ் மாடல்" என்றான். குறுக்குக் கம்பி இருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கம்பி கதையே தனி. நூற்றிச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்கள் சைக்கிள் ஏறியபோது, கணுக்கால் வரை பாவாடை. கால் தூக்கிப் போட முடியாது, போடவும் கூடாது. அதனால் மேல் கம்பியை எடுத்துவிட்டுக் கீழே வளைத்தார்கள். பாவாடை சிக்காமலிருக்கப் பின் சக்கரத்தில் வலை, செயினுக்கு முழுக் கவர். நம் ஊர் லேடீஸ் சைக்கிளின் டிரெஸ் கார்டுக்கு இதுதான் பாட்டி. ஆனால் முக்கோணமாக இருக்கிறவரைதான் ஃபிரேமுக்குப் பலம். மேல் கம்பி போனால் மிச்சக் குழாயைத் தடிமனாக்க வேண்டும், எடை கூடும். அதாவது உடுப்பை மாற்றுவதை விட இரும்பை மாற்றுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. சுடிதாரும் பேண்ட்டும் வந்து இத்தனை காலம் ஆன பிறகும் கடைப் பையன் அந்தப் பாவாடையைத்தான் எனக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தான். சாம்பல் நிறத்தையே வாங்கினேன். 14,500 ரூபாய். வீட்டில் 9,000 என்று சொன்னேன்.

ஏன் பொய் சொன்னேன் என்று பிறகு யோசித்ததுண்டு. என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. காசைக் கேட்டு வாங்குகிறவரும் இல்லை. அவருக்கு ஒரு புல்லட் இருக்கிறது. அதற்கு கிராஷ் கார்டு, சீட் கவர், பக்கப் பெட்டி என்று மாதத்துக்கு ஒன்று வரும். அந்தப் பார்சல்கள் வீட்டுக்கே வரும். ஹாலில் நடுவில் உட்கார்ந்து பிரிப்பார், பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள், விலையை அவரே பெருமையாகச் சொல்வார். எனக்கும் அதைப் பார்க்கப் பிடிக்கும். என் பார்சலை மட்டும் கைப்பையில் ஒளித்துக் கொண்டுவர எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

மணிக்கு முன்னால் வாங்கியது விளக்கு. காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, பீச் ரோட்டில் இறங்கி, ரோச் பூங்காவைத் தாண்டி, துறைமுகச் சாலையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்புவது என் வழக்கம். அந்த நேரத்தில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும். லாரி டிரைவருக்கு நான் தெரிந்தே ஆகவேண்டும். சின்ன வயதில் அப்பா சைக்கிளில் டைனமோ இருந்தது. டயரில் உரசி, ஓடினால் எரியும், நின்றால் அணையும். மேடேறும்போது, வெளிச்சம் அதிகம் வேண்டிய நேரத்தில்தான், மங்கிப்போகும். இப்போது நான் வாங்கியது யு.எஸ்.பி.யில் சார்ஜ் ஏறுவது. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. சிவப்பில் நான்கு விதமாக மின்னும் வசதி. முதல் நாள் ராத்திரி படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். சுவர் முழுக்கச் சிவப்பாகத் துடித்தது. பெரிய மகள் கதவைத் தட்டி, "எம்மா, உள்ள போலீஸ் வண்டியா?" என்றாள்.

கால்சட்டை வாங்கியதுதான் உண்மையான துணிச்சல். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் சீட்டில் உட்காருகிற எலும்பு வலிக்கும். சராசரியாகப் பெண்களுக்கு அந்த எலும்புகளின் இடைவெளி அகலம். கடைகளில் வந்த குறுகின சீட்டுகள் ஆண்களை வைத்து அளந்தவை. அமெரிக்காவில் ஜார்ஜினா டெர்ரி என்ற பொறியாளர் இதையெல்லாம் பார்த்து 1985-இல் பெண்களின் உடம்புக்கென்றே சைக்கிள் செய்யும் நிறுவனம் தொடங்கினார். உயரம் குறைந்தவர்களுக்காக முன் சக்கரத்தைச் சிறிதாக்கினார். பெண்களுக்கான சீட்டும் செய்தார். அந்த வகைச் சீட்டு ஒன்று வாங்கி மாட்டினேன், அகலம் கூடினது, நடுவில் பள்ளம் விட்டது. அதற்கு மேல் பஞ்சு வைத்துத் தைத்த கால்சட்டை. ஆணுக்கும் பெண்ணுக்கும் அந்தப் பஞ்சின் வடிவம் வேறு. அதை உள்ளாடை இல்லாமல் போட வேண்டும் என்பதே எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. யாரிடம் கேட்பது? அதுவரை தொடையெல்லாம் உரசிப் புண்.

அதைத் துவைத்து மாடியில் துண்டுக்கு அடியில் காயப்போட்டிருந்தேன், மற்ற உள்துணிகளைப் போல. ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார் துண்டை எடுக்கப் போய் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இது என்ன மைனி, பிள்ளைக்கு டயப்பரா?" என்றாள். விளக்கினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். பஞ்சை அமுக்கிப் பார்த்துவிட்டு, "மாசத்துல அந்த மூணு நாளும் இதைப் போட்டு ஓட்டலாமா?" என்று கேட்டாள். ஓட்டலாம் என்றேன். அவள் தினமும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்குப் போகிறவள். அடுத்த மாதம் எனக்கு போன் செய்து, "அந்த சட்டை என்ன சைஸ்ல வருது?" என்றாள். சைக்கிள் இன்னும் வாங்கவில்லை. கால்சட்டை மட்டும் வாங்கி வைத்திருக்கிறாள்.

எங்கள் ஊரில் சைக்கிள் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் பொது எதிரி துரு. குஜராத்துக்கு அடுத்தபடி நாட்டில் உப்பு அதிகம் விளைகிற கரை இது. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தெருவில் நிறுத்திய சைக்கிளின் செயின் ஒரே வாரத்தில் செம்மண் நிறமாகிவிடும். அப்பா காலத்தில் மண்ணெண்ணெயில் துடைத்துத் தேங்காயெண்ணெய் விடுவார்கள். வழுவழுப்பாக இருக்கும், ஆனால் தூசியெல்லாம் ஒட்டிக் கறுப்புக் களியாகிவிடும். இப்போது செயினுக்கென்று எண்ணெய் இரண்டு விதம் விற்கிறார்கள். வறண்ட இடத்துக்கு மெழுகு கலந்தது, ஈரத்துக்குக் கெட்டியானது. நான் இரண்டையும் வாங்கினேன். இரண்டு வேண்டுமா என்றால் வேண்டாம். ஆனால் நல்ல தண்ணீரில் செயினைக் கழுவி, பழைய பனியனால் துடைத்து, ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு வைத்து, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றும்போது சத்தம் அடங்கி வருகிறதே, அந்த ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரத்தை நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

இங்கே ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் நான் சைக்கிளை எடுப்பதே இல்லை. ஆனால் வாங்குவது மட்டும் நிற்பதில்லை. போன மழைக்கு ஓட்டிய தூரம் பூஜ்யம். வந்த சாமான் ஒரு வேகம் காட்டும் மீட்டர், இரண்டாவது ஜோடி கையுறை, தண்ணீர் பாட்டில் மாட்டும் வளையம். கையுறையில் பெண்களுக்கானது என்று ஊதாப் பூப் போட்டது கொஞ்சம் விலை கூட. துணியில் ஒரு வித்தியாசமும் இல்லை. தெரிந்தும் அதையே வாங்கினேன், பூ பிடித்திருந்தது. தொழிற்சங்கத்தில் இருக்கிற தோழி ஒருத்தி, "உன் ஆசையைக் கம்பெனிக்காரன் நல்லாப் படிச்சு வச்சிருக்கான்" என்றாள். சரிதான். அவள் சொல்வதில் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடு. ஆனால் அட்சய திருதியைக்குக் கால் பவுன் வாங்கினால் அதே ஊர் என்னைக் கெட்டிக்காரி என்று சொல்லியிருக்கும். பெண் தன் உடம்பில் போட்டுக்கொள்ளக் காசு செலவழிக்கலாம், அது தங்கமாக, நாளைக்கு வீட்டுக்கு அடகு வைக்கத் தோதாக இருந்தால். சைக்கிள் விளக்கை யாரும் அடகு பிடிக்க மாட்டார்கள்.

முத்துக்கும் நகைக்கும் பேர் போன கரை வேறு. முத்துக்குளித்தல் இங்கே 1961-ஓடு நின்றுவிட்டது. குளியாளுக்கு வேண்டியது ஒரு கல், கயிறு, சிப்பி அள்ள ஒரு வலைப்பை. படகில் கயிற்றைப் பிடிக்க நம்பிக்கையான ஓர் ஆள். அது பெரும்பாலும் மச்சான்தான் என்பார்கள், தங்கச்சி தாலிக்காக அவன் விழிப்பாக இருப்பானாம். பெண்கள் கடலுக்குள் இறங்குவதில்லை என்றும் எங்கள் ஊரில் சொல்வார்கள். இதே மன்னார் வளைகுடாவில் வடக்கே பாம்பன் பக்கம் போய்ப் பார்த்தால், பாசி எடுக்கப் பெண்கள் கூட்டமாகக் கடலில் முங்குகிறார்கள். கண்ணாடி மாட்டிக்கொண்டு, சேலைக்கு மேல் சட்டை போட்டு, பாறை கிழிக்காமல் இருக்க விரல் விரலாகத் துணி சுற்றிக்கொண்டு. அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி விருது கிடைத்தது. அந்தப் படங்களில் நான் முதலில் பார்த்தது விரல்களைத்தான். கடையில் கிடைக்காததைத் துணியால் செய்துகொண்ட கையுறை.

அம்மாவும் அப்படித்தான். இருபத்தாறு வருஷம் உப்புச் சுமந்தவள். பாத்தியில் கால் வெடித்துவிடும், கையில் கீறல் இருந்தால் உப்பு இறங்கி உயிர் போகும். அப்பாவின் பழைய சைக்கிள் ட்யூபை மோதிரம் மோதிரமாக வெட்டி விரலில் மாட்டிக்கொண்டு போவாள். நான் சின்னப் பிள்ளையில் அதை எடுத்து விளையாடி ஒன்றைத் தொலைத்து அடி வாங்கியிருக்கிறேன். வெயில் நேரத்தில் பாத்தியின் வெள்ளையைப் பார்த்துப் பார்த்து அவள் கண் இப்போது சரியில்லை. நான் ஓட்டும்போது போடுகிற கறுப்புக் கண்ணாடி 1,200 ரூபாய். இந்தக் கணக்கை நான் எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் சரியாக வரவில்லை. துறைமுகச் சாலையில் விடியும்போது உப்பளத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற வண்டிகள் என்னைத் தாண்டும். உள்ளே தலையில் துண்டு கட்டிய பெண்கள் என்னைப் பார்ப்பார்கள், ஹெல்மெட், கையுறை, மின்னும் சிவப்பு விளக்கோடு. சிலர் கை காட்டுவார்கள். நான் மணியடிப்பேன். வேறென்ன செய்வது என்று தெரியாமல்தான் அடிக்கிறேன்.

போன பங்குனியில் அம்மா வந்து பத்து நாள் தங்கினாள். ஞாயிற்றுக்கிழமை நான் செயின் துடைக்கும்போது பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். மணியைத் தொட்டாள். தட்டினாள். மறுபடி தட்டினாள்.

"என்ன வெலட்டி?"

"நூத்தம்பது" என்றேன். அது 320.

அம்மா சிரித்தாள். "வாச்சு வாங்குன அன்னைக்கு நானும் ஒங்கப்பாட்ட இப்பிடித்தான் சொன்னேன்."

எந்த வாட்ச்? எனக்குத் தெரியவே தெரியாது. நான் பிறப்பதற்கு முந்தின வருஷம், தீபாவளி போனஸில், தங்க நிற ஸ்டிராப் வைத்த சின்ன வாட்ச் ஒன்று வாங்கியிருக்கிறாள். உப்புத் தண்ணீரில் கட்ட முடியாது. வீட்டில் கட்டினால் கேள்வி. அரிசிப் பானைக்குள் துணியில் சுற்றி வைத்து, ஆளில்லாத நேரம் எடுத்துச் சாவி கொடுப்பாளாம்.

"மணி பாக்கவா?"

"மணி பாக்க எனக்கு எங்க தெரியும்? அந்தச் சின்ன முள்ளு ஓடுது பாரு, அதப் பாத்துட்டு இருப்பேன்."

"இப்ப எங்க எம்மா அது?"

"ஒங்க அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்துல சேக்கும்போது குடுத்தாச்சு" என்றாள், வேறு ஏதோ ஒன்றைச் சொல்வது போல. பிறகு மணியை இன்னொரு தடவை தட்டிவிட்டு, கேரியரைக் கையால் அமுக்கிப் பார்த்தாள். "இதுல ஆளு உக்காந்தா தாங்குமா?"

இந்தக் கேரியர் தாங்காது, ஒன்பது கிலோதான். ஆள் உட்காரத் தோதான இரும்புக் கேரியர் தனியாக வருகிறது, குஷன் வைத்தது. கால் வைக்க இரண்டு பக்கமும் கம்பி உண்டு. 1,450 ரூபாய். நேற்று ஆர்டர் போட்டேன், வீட்டு விலாசத்துக்கு.